தழும்பு

அன்புள்ள ஐயா,

லண்டன் போயிருந்தபோது பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி அட்மிரல் நெல்சனின் ஓவியங்கள் சிலவற்றைப் பார்த்தேன். ஒரு முகம் இன்னொன்றைப் போல இல்லை. ஒன்றில்கூடக் கண்ணில் கறுப்புப் பட்டை இல்லை. இவற்றில் எது அசல் முகம்? அடிமை முறையின் பக்கம் நின்ற ஒருவரின் புகழ் இருநூறு வருடம் தாண்டியும் நிற்பது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கறுப்புப் பட்டையை முதலில் தூக்கிப் போடுங்கள். அவர் அதைக் கட்டியதே இல்லை. 1794-இல் கோர்சிகா தீவில் நடந்த கால்வி முற்றுகையில் வலக்கண்ணின் பார்வை போனது. வெளியிலிருந்து பார்த்தால் கண் சாதாரணமாகத்தான் இருந்தது. இத்தனை ஓவியங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, எங்கேயோ கேள்விப்பட்டதைத் தேடியிருக்கிறீர்களே! புகழ் விஷயம்: பார்படாஸ் 2020-இல் அவர் சிலையை இறக்கிவிட்டது, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துத் தூண்மேல் இன்னும் நிற்கிறார். அதை இன்னொரு நாள் பேசலாம்.

எல்லாரும் அறிந்த முகம் ஓவியர் அபட் வரைந்தது. 1797-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவுச் சண்டையில் வலக்கையை இழந்து திரும்பியவரை உட்கார வைத்து வரைந்தார். அப்புறம் அதை வைத்தே பிரதிமேல் பிரதியாகப் போட்டுத் தள்ளினார். முகம் அதேதான், மார்பில் பதக்கங்கள் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

எனக்கு வேண்டியது இன்னொரு ஓவியர் குஸார்டி 1799-இல் வரைந்தது. ஒட்டிய கன்னம், தூக்கம் கெட்ட கண்கள். தொப்பி பின்னால் தள்ளியிருக்கும். முந்தைய வருடம் நைல் போரில் இரும்புத் துண்டு ஒன்று நெற்றியைக் கிழித்திருந்தது. தொப்பி பட்டால் வலி. அந்தப் படத்தின் ஒரு பிரதியில் தழும்பையும் அரைகுறைப் புருவத்தையும் பிற்காலத்தில் யாரோ வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள். 2017-இல் சுத்தம் செய்தபோதுதான் அது வெளியே வந்தது. வரைந்தவன் துணிந்து வரைந்ததை அழிக்க இவன் யார்?

கோபத்துக்குக் காரணம் உண்டு. என் அப்பாவுக்கு இடப்புருவத்தின் மேல் ஒரு தழும்பு, சிறுவயதில் கிணற்றுப்படியில் விழுந்தது. யோசிக்கும்போது கட்டைவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அவர் போன பிறகு ஒரு போட்டோவைப் பெரிதாக்கக் கொடுத்தோம். ஸ்டூடியோக்காரர் கேட்காமலே தழும்பை எடுத்துவிட்டு, முடியையும் கொஞ்சம் கறுப்பாக்கித் தந்தார். "நல்லா வந்திருக்கு சார்" என்று சிரிப்பு வேறு. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்கப்பாவோட தம்பி மாதிரி இருக்கு" என்றாள்.

அப்பாவுக்குத் தம்பி கிடையாது.

திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்லியிருக்கலாம். அன்றைய அலைச்சலில் யாருக்கும் தெம்பு இல்லை, அப்படியே மாட்டிவிட்டோம். இன்றும் அதுதான் சுவரில் இருக்கிறது. என் மகளுக்குத் தாத்தா என்றால் அந்த ஆள்தான்.