தாத்தா சாப்பிட்ட அதே சோறு, எனக்கு மட்டும் ஏன் எடை ஏறுகிறது?

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த தாத்தா மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு ஒல்லியாக இருந்தார், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடையில் உட்கார்ந்திருக்கும் நான் குண்டாவது பரம்பரையா என்று கேட்கிறீர்கள்.

பரம்பரையும்தான். எஃப்டிஓ (FTO) என்ற மரபணுவுக்கும் எடைக்கும் தொடர்பு இருப்பதை 2007இல் கண்டார்கள். அதன் ஒரு வகை இருந்தால் வயிறு நிறைந்த உணர்வு தாமதமாக வரலாம். ஆனால் இரண்டு தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது சுற்றுப்புறம். தாத்தா இருட்டோடு எழுந்து நிரை நிரையாக நடந்தார், பால் வாளி சுமந்தார். நீங்கள் மோட்டாரில் போய் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், கட்டிப்பால் விட்டு ஆற்றிய தே தாரிக் தேநீரோடு பசியாறுகிறீர்கள். ஆற்றுவதற்கு முன் கிளாஸின் அடியைப் பாருங்கள், கட்டிப்பால் எவ்வளவு நிற்கிறது என்று! குடிக்கும் சர்க்கரை, மென்று தின்பதைப்போல் பசியை அடக்காது. சரி, சோற்றை விடுங்கள். முதலில் கடையில் 'குராங் மானிஸ்' (மலாயில் 'இனிப்பு குறைவாக') சொல்லிப் பழகுங்கள்.