கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்க முடியாததை இங்கே கேளுங்கள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் பிரதேச செயலகங்களின் திட்டமிடல் கிளையிலும் காணிக் கிளையிலுமாக 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். 2009இல் போர் முடிந்த பிறகான மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், காணி, ஊர்ச் சங்கங்கள் பற்றிக் கேளுங்கள். கட்சி அரசியல் வேண்டாம்.

முல்லைத்தீவு மாணவி: நிர்வாக சேவைக்குப் போக ஆசை. எந்தப் பாடத்தில் பட்டம் எடுக்க வேண்டும் ஐயா?

எந்தப் பட்டமும் சரி, பிள்ளை. திறந்த போட்டிப் பரீட்சை ஒன்று, ஏற்கனவே அரச வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை ஒன்று. வயது, தகுதி எல்லாம் வர்த்தமானியில் இருக்கும். இப்போதே சிங்களக் கடிதம் வாசிக்கப் பழகுங்கள். மேலிடத்துச் சுற்றறிக்கை உங்கள் மேசைக்கு முதலில் எந்த மொழியில் வரும் என்று சொல்ல முடியாது.

பரந்தனிலிருந்து: அப்பாவின் காணி பேர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அப்பாவும் இல்லை. காணி எங்களுடையது என்று எப்படிக் காட்டுவது?

2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் பதிவு எடுத்துக்கொண்டிருந்தோம். வன்னியிலிருந்து மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான சனம் முகாம்களுக்கு வந்திருந்தது. ஒரு அம்மா சொப்பிங் பையைப் பிரித்து, அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று பிரித்துக் கடைசியில் பேர்மிட்டை எடுத்து நீட்டினார். மாற்றுச் சேலைகூட இல்லாமல் வந்தவர். அந்த அம்மாவைப் போல எல்லோராலும் காப்பாற்றிக்கொண்டு வர முடியவில்லை. அது உங்கள் பிழையில்லை.

முதலில் பிரதேச செயலகக் காணிக் கிளையில் பேர்மிட் பேரேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பேரேடும் அழிந்திருந்தால் பழைய வாக்காளர் இடாப்பு, நிவாரண அட்டை, அயல் காணிக்காரரின் சத்தியக் கடதாசி, விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல், எது கிடைக்கிறதோ அதையெல்லாம் சேர்க்க வேண்டும். அப்பா பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று, நியமித்தாரா என்றும் பாருங்கள். நியமிக்காவிட்டால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி ஆண் பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். அதனால் அக்கா தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். கடிதம் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.

வவுனியாவிலிருந்து: நிர்வாக சேவைப் பரீட்சைக்கு என்ன படிக்க வேண்டும்?

மேலே பாருங்கள்.

ஒரு தாய்: கணவர் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் வங்கியில் காசு எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

எடுக்க வேண்டாம் தங்கச்சி. ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழ் ஒன்றை 2016இல் சட்டமாக்கினார்கள். இறந்துவிட்டார் என்று அதில் இராது. வங்கி, சொத்து, பிள்ளைகளின் விடயங்களுக்கு அதைக் காட்டலாம். காணாமற்போனோர் அலுவலகத்தில் பதிவு செய்வது வேறு வேலை, இரண்டையும் குழப்பாதீர்கள். கொடுக்கிற கடிதத்துக்கு முத்திரை குத்திய பிரதி, மறக்கக் கூடாது.

கொழும்புப் பொறியியலாளர்: வடக்குக் கிழக்குக்கு அரசாங்கத்தின் 65,000 இரும்பு வீடு வர இருந்தது. சிவில் சமூகம் என்று சிலர் எதிர்த்துச் சனத்தைத் தகரக் கொட்டிலில் இருக்க விட்டீர்கள். சரியா?

ஒரு இரும்பு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. அப்போது கல்வீட்டுக்குக் கொடுத்த மானியம் 8 இலட்சம். நீங்கள் பொறியியலாளர், கணக்கை நீங்களே போடுங்கள்.

அதே பொறியியலாளர்: 8 இலட்சத்தில் வீடு முடிந்ததா? எத்தனை வீடு கூரையில்லாமல் நின்றது?

நியாயமான அடி. அதற்கு முன் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தைப் பாருங்கள், மொத்தம் 50,000 வீடு. முதல் 1,000 வீட்டை ஒப்பந்தக்காரர் கட்டினார். வடக்குக் கிழக்கில் 2012 ஒக்டோபரிலிருந்து வீட்டுக்காரரே கட்டும் முறை. புது வீட்டுக்கு 5,50,000 ரூபா, அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும். அடுத்த தவணை வருவதற்குள் மணல் விலை ஏறிவிடும், மேசன் வேறு வளவுக்குப் போய்விடுவார். நகையை அடைவு வைத்தவர்கள், நுண்கடன் எடுத்தவர்கள் நிறையப் பேர். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் “நீயே கட்டு” என்று சொல்லிவிட்டு நாங்கள் படிவத்தோடு நின்றோம். அது எனக்கும் குத்துகிறது.

ஆனால் அதற்கு மருந்து இரும்பு வீடா? மானியத்தைக் கூட்டியிருக்கலாம், மணலை ஒழுங்கு செய்து கொடுத்திருக்கலாம். கல்வீட்டில் போட்ட காசு ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் சீமெந்துக் கல் அரிகிறவனுக்கும் போனது. இரும்பு எங்கிருந்து வரும், காசு எங்கே போகும்?

மாங்குளத்திலிருந்து: நான் மேசன். அந்த வருடங்களில் வேலை கேட்டு நான் யாரிடமும் போகவில்லை, என்னைத் தேடி வந்தார்கள்.

பொறியியலாளர்: வேலைவாய்ப்புத் திட்டமா, வீட்டுத்திட்டமா?

இரண்டும்தான் ஐயா. போர் முடிந்த ஊரில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. இது இன்றைக்கு முடியாது, விடுவோம்.

ஒரு இளைஞர்: ஊரில் சங்கம் தொடங்கி எங்கே பதிவது?

சின்ன ஊர்ச் சங்கம் என்றால் பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாருங்கள். தொண்டு நிறுவனம் என்றால் 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். 2010இல் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகத்தைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோனார்கள். பிறகு அமைச்சுகள் மாறி மாறி வந்தன. மரம் நடுகிற சங்கம்கூட அந்தக் காலத்தில் யாருக்குப் பதில் சொன்னது என்று யோசியுங்கள். கூட்டக் குறிப்பை அன்றன்றே எழுதுங்கள். முத்திரை, பிரதி... உங்களுக்கே தெரியும்.

கனடாவிலிருந்து: ஊருக்கு ஒரு பொது மண்டபம் கட்டித்தர விருப்பம்.

ஏற்கனவே எத்தனை மண்டபம் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம், கரண்ட் பில் யார் கட்டுகிறார் என்று முதலில் கேளுங்கள் தம்பி. பிறகு பேசுவோம்.

மன்னாரிலிருந்து: ஐயா, நிர்வாக சேவைப் பரீட்சை…

மேலே! மேலே! வர்த்தமானி!

மன்னாரிலிருந்து: அது எந்த நாளில் வரும் என்றுதான் கேட்க வந்தேன்.

வெள்ளிக்கிழமை.