வெயிலைத் தவிர வேறு பருவம் இங்கே உண்டா?

"தமிழ்நாட்டில் வசந்தமும் இலையுதிர்காலமும் கிடையாதே, பருவம் மாறும் அழகை எங்கே பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்டு, ஐரோப்பியக் காலண்டர் படங்களைப் போல இருக்கும் என்று தேடினால்தான் கிடைக்காது.

தெருவோரப் புங்கமரத்தைக் கவனியுங்கள். மாசி, பங்குனியில் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, மழையே இல்லாத அந்த நாட்களில் பளபளக்கும் இளம்பச்சைத் தளிர்களை விடும். வேர்கள் ஆழத்து ஈரத்தைத் தொட்டுவிடுவதால் அது வானத்தை நம்பிக் காத்திருப்பதில்லை. அதையொட்டி வேம்பு பூக்கும். சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை மஞ்சள் சரங்களாகத் தொங்கும். கத்திரி வெயிலைத் திட்டுகிறவர்கள் (நானும்தான்) அண்ணாந்து பார்ப்பதில்லை.

மழைக்காலத்தில் வேலிகளில் செங்காந்தள் ஏறியிருக்கும். அதன் இதழ்கள் மலரும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு மஞ்சளும் சிவப்பும், வாடும் முன் முழுச் சிவப்பு. கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிழங்கு கடும் நஞ்சு. ஏரி நிரம்பிய ஆண்டானால் டிசம்பர், ஜனவரியில் வேடந்தாங்கலுக்குப் போகலாம். நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் அந்தப் பயணம் வீண்.