மிசோ டப்பாவின் பின்பக்கம்

கேள்வி: ஈரச்சந்தைக்கோ பக்கத்துச் சீன, தாய்லாந்துக் கடைகளுக்கோ போனால் புதிதாக ஏதாவது வாங்கிவிடுகிறேன். மிசோ, பெலாச்சான், பூவா கெராஸ் என்று குளிர்பதனப் பெட்டி நிறைந்துவிட்டது. பாதி குப்பைக்குத்தான் போகிறது. மாமியார் சுத்த சைவம். எதை, எப்படிச் சமைத்துப் பழகுவது?
- யீஷூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: முதலில் அந்த மிசோ டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மிசோ சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய விழுதுதான். ஆனால் பல வகைகளில் 'தாஷி' என்ற மீன்சாறு கலந்திருக்கும். போனிட்டோ என்று போட்டிருந்தால் அதுவும் மீன். பொட்டலமிட்டு விற்கும் உணவில் சேர்மானங்களை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். எடையில் கூடுதலாக உள்ளது முதலில் வரும். மீன், இறால், சோயா, நிலக்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள்களையும் குறிப்பிட்டாக வேண்டும். ஜப்பானிய, தாய் எழுத்துக்கு மேல் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் இவையெல்லாம் இருக்கும், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும்கூட. அந்த ஸ்டிக்கர் இல்லாத பொட்டலத்தை நான் தொடுவதில்லை. நீங்களும் வாங்க வேண்டாம்.

பெலாச்சான் முழுக்க இறால் விழுது. சம்பால் என்ற மிளகாய் விழுது பாட்டில்களிலும் அது பெரும்பாலும் இருக்கும். அதற்குத் தனிக் கரண்டி, தனி டப்பா வைத்துவிடுங்கள், மாமியாருக்கும் நிம்மதி.

பூவா கெராஸ் என்ற அந்தக் கொட்டையைத் (ஆங்கிலத்தில் கேண்டில்நட்) தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! கசகசாவுக்கு இங்கே தடை என்பதால் குருமா கெட்டிப்பட முந்திரியையே நம்பியிருக்கிறோம். நாலு பேர் சாப்பிடும் குருமாவுக்கு நாலைந்து பூவா கெராஸை வெங்காயத்தோடு வதக்கி அரைத்து ஊற்றினால் முந்திரி போட்டது போலவே குழைந்து வரும். ஒன்று மட்டும் கவனம்: பச்சையாக வாயில் போடக்கூடாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அரைத்த பிறகும் நன்றாகக் கொதிக்க வேண்டும். எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் வெளியில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். உறைபெட்டியில் வையுங்கள்.

இனி கடைக்குப் போனால் ஒரே ஒரு பொருள், இருப்பதிலேயே சின்னப் பொட்டலம், அதுவும் ஏற்கெனவே கைவந்த ஒரு குழம்பில் போடுவதற்கு. புதுப் பொருளையும் புதுச் செய்முறையையும் சேர்த்துப் பிடிப்பதால்தான் பாதி குப்பைக்குப் போகிறது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது தெம்பே. சோயா மொச்சையை வேகவைத்துப் புளிக்கவைத்த ஜாவா உணவு இது, சைவம். அவித்த மொச்சையை வெள்ளைப் பூஞ்சை பஞ்சு போல இறுக்கிப் பிடித்திருக்கும். அங்கங்கே சாம்பல், கறுப்புப் புள்ளி தெரிந்தால் பயப்பட வேண்டாம். ரோஸ் நிறமோ பச்சையோ படர்ந்திருந்தாலும், அமோனியா நெடி மூக்கில் ஏறினாலும் வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் சில நாள்தான் தாங்கும்.

விரல் பருமனுக்கு நறுக்கி, மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு நல்லெண்ணெயில் ஓரம் சிவக்க வறுங்கள். அப்புறம் நீங்கள் எப்போதும் வைக்கும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போடுங்கள். முன்னாடியே போட்டால் மொறுமொறுப்பு போய்விடும். உள்ளே குழம்பு இறங்கி, மேலே லேசாகக் கடிபடும் அந்தப் பதம் சுண்டல் பிடித்தவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அது பழகியதும் லெங்குவாஸ் ஒரு துண்டு வாங்குங்கள். பெயர்தான் புதிது, நம் நாட்டு மருந்துக்கடைப் பேரரத்தைதான் அது. இளசாகப் பார்த்து வாங்கி, ரசம் கொதிக்கும்போது இரண்டு வில்லை தட்டிப் போட்டுப் பாருங்கள்.