‘மக்கும்’ பை கடலுக்குப் போனால் பரவாயில்லையா?

வெள்ளவத்தைக் கடைகளில் தரும் ‘மக்கும்’ பை கால்வாய் வழியே கடலில் சேர்ந்தாலும் கரைந்துவிடும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கரையாது. இப்படிப் பல பைகளில் கலந்திருப்பது சோள மாச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். அது மக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 60 பாகைச் சூட்டில், நுண்ணுயிர்கள் வேலை செய்கிற பெரிய உரக் கூடத்தில் கிடக்க வேண்டும், நம் கடலோ 30 பாகையைச் சுற்றித்தான் இருக்கும், அதனால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் படலம் வேறு கதை, அது உண்மையிலேயே மக்கும். ஆனால் ஈரம் பட்டால் இளகும், சொதிப் பார்சல் கட்ட முடியாது!

சரி, கடலில் பிளாஸ்டிக் சேர்வதை எதிர்த்துப் போராட்டம், வழக்கு எல்லாம் வீண் வேலையா என்றும் கேட்டீர்கள். வீண் இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணை கடலில் சிந்தியபோது, பேர்ள் புரொடெக்டர்ஸ் போன்ற தன்னார்வலர்கள் கரை மணலைச் சல்லடையில் அரித்தார்கள். அது மட்டும் போதாது, உண்மைதான். அப்புறம் சூழலியலாளர்களும் மீனவர் தரப்பும் நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது.