தேனியில் 5,500, சென்னையில் 19,000: ஒரே கொலோனாஸ்கோப்பிக்கு ஏன் இத்தனை விலை?

கேள்வி: எனக்கு வயது 47. உசிலம்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் என் அண்ணனுக்கு 55 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது நன்றாக இருக்கிறார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், கூடப் பிறந்தவர்களும் ஒருமுறை கொலோனாஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, பார்த்துவிடுங்கள் என்றார். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. விலை விசாரித்தால் தலை சுற்றுகிறது. தேனியில் 5,500 ரூபாய். மதுரையில் ஒரு இடத்தில் 8,000, இன்னொரு இடத்தில் 13,500. சென்னையில் வேலை பார்க்கும் மகன் கேட்டுச் சொன்னது 19,000. நாலு எஸ்டிமேட்டையும் இணைத்திருக்கிறேன். விலை குறைவாக இருந்தால் தரமும் குறைவா? நல்லபடியாகப் பார்க்க சென்னைக்குத்தான் போக வேண்டுமா? 5 லட்சத்துக்கு குடும்ப மெடிக்ளைம் இருக்கிறது, அதில் கிடைக்குமா? 43 வயதாகும் என் மனைவிக்கும் சேர்த்துப் பார்த்துவிடலாமா? அவர் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் கிடையாது.

பதில்: தேனிச் சீட்டில் ஒரே வரிதான்: 'கொலோனாஸ்கோப்பி 5,500'. அடியில் பொடி எழுத்தில் 'பயாப்சி தனி'. பயாப்சி என்றால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது. மதுரையில் 13,500 சொன்ன மருத்துவமனையின் சீட்டில் ஐந்து வரி: பரிசோதனைக்கு 7,000, மயக்க மருந்து டாக்டருக்கு 2,500, அன்றே வீடு திரும்பும் டே கேர் படுக்கைக்கு 1,500, மருந்து, ஊசி, கையுறை வகையறாவுக்கு 1,500, ரத்தப் பரிசோதனைக்கு 1,000. சென்னையில் கொடுத்தது பேக்கேஜ். மயக்க மருந்து, படுக்கை, ரத்தப் பரிசோதனை, கூடவே ஒரு பயாப்சி, எல்லாம் அதற்குள் அடக்கம். ஒருவர் சட்டைத் துணிக்கு விலை சொல்லியிருக்கிறார், இன்னொருவர் தையற்கூலியும் பட்டனும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு எது மலிவு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் அந்த இடங்களுக்கு மறுபடி போன் போட்டு, சீட்டில் விடுபட்டதை எல்லாம் கேட்டு எழுதும்படி உங்களிடம் சொன்னேன். நீங்கள் கேட்டு அனுப்பியதை வைத்துச் சமப்படுத்திப் பார்ப்போம். தேனியில் மயக்க ஊசிக்கு 1,500, படுக்கைக்கு 800, ரத்தப் பரிசோதனைக்கு 700 சேர்த்தால் 8,500 ஆகிறது. மதுரையில் 8,000 சொன்ன இடத்தில் ரத்தப் பரிசோதனை மட்டும்தான் வெளியே. அதற்கு 900 சேர்த்தால் 8,900. இன்னொரு மதுரை மருத்துவமனை அதே 13,500. சென்னையில் பயாப்சிக்கு அவர்களே சொன்ன 2,500-ஐக் கழித்தால் 16,500. மூன்றரை மடங்கு என்று பயமுறுத்திய வித்தியாசம் இரண்டு மடங்குக்குள் வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேனிக்கும் மதுரைக்கும் வித்தியாசம் வெறும் 400 ரூபாய். ஒரே மதுரைக்குள் இரண்டு இடத்துக்கு இடையே 4,600 ரூபாய். ஊரைப் பொறுத்துத்தான் விலை என்றால் இப்படி வராது.

ஊருக்கு ஊர் விலை மாறுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இடத்து வாடகை, நர்ஸ் சம்பளம், கரண்ட் பில், ஸ்பெஷலிஸ்ட் எதிர்பார்க்கும் தொகை எல்லாமே சென்னையில் கூடுதல். இதற்கு அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டம் 2025 அக்டோபரில் தனியார் மருத்துவமனைகளுக்குத் தரும் கட்டணங்களைத் திருத்தியது. அதில் பெருநகரத்துக்கு 100 ரூபாய் என்றால் இரண்டாம் நிலை நகரத்துக்கு 10 சதவீதம் குறைவு, மற்ற ஊர்களுக்கு 20 சதவீதம் குறைவு. சென்னை முதல் வகை, மதுரை இரண்டாம் வகை, தேனி மூன்றாம் வகை. என்.ஏ.பி.எச். தரச்சான்று இல்லாத மருத்துவமனை என்றால் இன்னொரு 15 சதவீதம் குறையும். உங்கள் மகன் சொன்ன சென்னை விலையை இந்தச் சூத்திரத்தில் போட்டால் 16,500 ரூபாய் மதுரையில் 14,850 ஆகவும், தேனியில் 13,200 ஆகவும் இருக்க வேண்டும். தரச்சான்று இல்லாத மதுரை மருத்துவமனை என்றால் 12,600-ஐ ஒட்டி வரும். உங்கள் 13,500 இந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. 8,900-ம் 8,500-ம் ரொம்பக் கீழே. அப்படியானால் மீதி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பெரிய பங்கு, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து. கொலோனாஸ்கோப் பெரும்பாலும் ஜப்பான் கம்பெனிகளின் சாமான். குழாய், ஒளி தரும் கருவி, திரை, ஒவ்வொரு ஆளுக்கும் பிறகு குழாயைக் கிருமி நீக்கம் செய்யும் மெஷின் என்று மொத்தமாகப் போடும் முதல் அது. ஒரு பேச்சுக்கு 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால், ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் அதில் தேய்கிறது. நாளைக்கு இரண்டு பேர் வந்தால் தலைக்கு 1,000. பத்துப் பேர் வந்தால் 200. நீங்கள் கடையில் கட்டிங் மெஷின் வாங்கிப் போட்டிருந்தால் இந்தக் கணக்கை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்று மாவட்டமெல்லாம் வைத்தியத்துக்கு மதுரைக்குத்தான் வருகிறது. கூட்டம் இருக்கிறது, அடுத்த தெருவிலேயே போட்டியும் இருக்கிறது. மதுரையில் 8,000-க்குக் கட்டுப்படியாவது இதனால்தான். சின்ன ஊரில் வாரத்துக்கு ஒருநாள் இரண்டுநாள் டாக்டர் வந்து போகும் இடங்களில் விலையை எதை வைத்து நிர்ணயித்தார்கள் என்றே தெரியாது. ஆள் சேர்க்க அடிமாட்டு விலையும் சொல்வார்கள், எப்போதாவது வருபவரிடம் கூடுதலாகவும் வாங்குவார்கள்.

அடுத்தது மயக்கம். ஸ்கோப் பார்க்கும் டாக்டரே லேசாகத் தூக்கம் வரும் ஊசி போட்டுப் பார்ப்பது ஒரு முறை. தனியாக மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் நின்று ஆழ்ந்து தூங்க வைப்பது இன்னொரு முறை. பின்னதற்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் கட்டணம் கூடும். உங்கள் இரண்டு மதுரைச் சீட்டுக்கும் உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் இதுதான். இதய நோயோ, மூச்சுத் தொந்தரவோ, அதிக எடையோ இருந்தால் அந்த 2,500 ரூபாயைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

யாரும் சீட்டில் எழுதாத வரி ஒன்றும் உண்டு. அனுப்பி வைத்தவருக்குப் போகும் கமிஷன். 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகள் இதைத் தெளிவாகத் தடை செய்திருக்கின்றன. இருந்தும் 'கட்' என்ற சொல்லைக் கேட்காத மெடிக்கல் ரெப் யாரும் இல்லை. நேரே போய், 'யாரும் அனுப்பவில்லை, நானே வந்திருக்கிறேன், கையிலிருந்து கட்டுகிறேன், என்ன குறைப்பீர்கள்' என்று கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. பில் கவுண்டரில் உள்ளவருக்கு இது பழகிய கேள்வி.

அரசு உச்சவரம்பு வைக்கக்கூடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். இதய ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டு மாற்றுக் கருவிக்கும் 2017-ல் உச்சவிலை வைத்தார்கள். அவை பொருட்கள். ஒரு பரிசோதனைக்கோ ஆபரேஷனுக்கோ தனியார் மருத்துவமனை இவ்வளவுதான் வாங்கலாம் என்று நாடு முழுக்கப் பொதுவான விலை கிடையாது. மருத்துவமனைகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் மத்தியச் சட்டத்தின் 2012-ம் வருட விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் விலையை நிர்ணயிக்கவில்லையே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே கேட்டது. தமிழ்நாடு அந்த மத்தியச் சட்டத்தில் சேராமல் தன்னுடைய 1997-ம் வருடச் சட்டப்படி நடத்துகிறது. இன்னொரு காரணமும் உண்டு. அரசின் புற்றுநோய் முன்பரிசோதனைத் திட்டத்தில் இருப்பவை வாய், மார்பகம், கருப்பை வாய். பெருங்குடல் அதில் இல்லை. மொத்தமாக விலை பேசிக் குறைக்க ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்கொரு விலைதான் நிற்கும்.

சரி, தரத்துக்கு வருவோம். நான் டாக்டர் இல்லை. பணம் எங்கே வீணாகிறது என்று மட்டும் சொல்கிறேன். இந்தப் பரிசோதனையில் பெரிய நஷ்டம், அதை இரண்டாம் முறை செய்ய நேர்வது. குடல் சரியாகச் சுத்தமாகாமல் போனால் டாக்டர் பாதியிலேயே திரும்பிவிடுவார், கட்டிய காசு போனதுதான். ஆகவே போனில் கேட்க வேண்டியவை வேறு: வாரத்துக்கு எத்தனை பேருக்குப் பார்க்கிறீர்கள், பெருங்குடலின் கடைசி முனைவரை போய்வந்ததற்கு ரிப்போர்ட்டில் படம் வருமா, குழாயை வெளியே எடுக்கும்போது குறைந்தது 6 நிமிடமாவது நின்று பார்க்கிறீர்களா, பாலிப் என்கிற சிறு வளர்ச்சி இருந்தால் அப்போதே எடுத்துவிடுவீர்களா. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் சின்ன சென்டர்கள் மாட்டும். 'பெரிதாக இருந்தால் மதுரைக்கு எழுதிக் கொடுப்போம்' என்றால் 400 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முழுச் செலவையும் திரும்பச் செய்கிறீர்கள்.

தூரத்தின் விலையும் எந்த எஸ்டிமேட்டிலும் இருக்காது. முதல் நாள் சாயங்காலம் லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடித்து, விடியற்காலை மறுபடி மீதியைக் குடிக்கச் சொல்வார்கள். அதற்கப்புறம் கக்கூஸை விட்டு நகர முடியாது. அந்த நிலையில் ராத்திரி ஸ்லீப்பர் பஸ்ஸில் சென்னைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். முதல் நாளே போய் ரூம் போட வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், மயக்கம் தெளிந்த அன்று வண்டி ஓட்டக் கூடாது, கடையும் இரண்டு மூன்று நாள் பூட்டிக் கிடக்கும். உசிலம்பட்டியிலிருந்து மதுரை 40 கிலோமீட்டர்தான் என்றாலும், காலை 8 மணிக்கு நேரம் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மதியத்துக்குக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முதல் நாள் மருத்துவமனைப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கிவிடுங்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

என் முடிவு: மதுரையில் 8,000 சொன்ன இடம். மேலே உள்ள கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொன்னால் அங்கேயே முடியுங்கள். மழுப்பினால் 13,500. சென்னை தேவையில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் குடல் நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது; செலவில்லை, ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாமல் முன்னெச்சரிக்கையாகப் பார்க்கும் உங்களுக்குக் காத்திருப்பதில் அவ்வளவு கஷ்டமும் இல்லை, கடையை அடிக்கடி விட்டு வர முடிந்தால்.

எங்கே போனாலும் கையில் இன்னொரு 10,000 ரூபாய் இருக்கட்டும். பாலிப் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம், ரத்தம் கசியாமல் இருக்கப் போடும் கிளிப் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, எடுத்ததை லேபுக்கு அனுப்பினால் பாட்டில் கணக்கில் காசு. மயக்கத்தில் படுத்திருக்கும்போது உங்கள் மனைவியிடம் வந்து கையெழுத்துக் கேட்பார்கள். இந்த மூன்று ரேட்டையும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்ளைமில் இது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆகும் செலவு எல்லாக் கம்பெனிகளும் வைத்திருக்கும் பொது விலக்குப் பட்டியலில், அதாவது பணம் தர மாட்டோம் என்று சொல்லும் பட்டியலில், நாலாவது. பாலிப் எடுத்துவிட்டால் அது சிகிச்சை ஆகிறது. டே கேர் கிளைமாகக் கேட்டுப் பார்க்க வழி உண்டு. எனவே போகுமுன், காப்பீட்டுக் கம்பெனிக்காக கிளைமைக் கவனிக்கும் டி.பி.ஏ.-வுக்கு ஒரு போன் போட்டு விடுங்கள், எல்லா பில்லையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். 'வயிற்று வலி என்று எழுதிக்கொள்ளலாம் அண்ணே' என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். இல்லாத வலியை எழுதி வைத்தால் நாளைக்கு நிஜமான கிளைம் வரும்போது அந்தக் காகிதம் உங்களுக்கு எதிராகவே நிற்கும். பாலிசியில் வருடாந்திர ஹெல்த் செக்கப் சலுகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிலவற்றில் ரத்தப் பரிசோதனைச் செலவாவது அதில் தேறும்.

வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் மெடிக்ளைம் பிரீமியத்துக்கான கழிவில் (1961-ம் வருடச் சட்டத்தில் 80டி), 25,000 வரம்புக்குள்ளேயே, முன்னெச்சரிக்கைப் பரிசோதனைக்கு 5,000 வரை காட்டலாம். இதை ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு செஸ்ஸோடு 1,040 ரூபாய் மிச்சம். பிரீமியமே 25,000-ஐத் தாண்டிவிட்டால் ஒன்றுமில்லை. புதிய வரி முறையிலும் கிடையாது.

உங்கள் மனைவிக்கு இப்போது கொலோனாஸ்கோப்பிக்குச் செலவழிக்க வேண்டாம். உங்களுக்கு டாக்டர் சொன்னது உடன்பிறந்தவருக்கு வந்ததால்; அவருக்கு அந்தக் காரணம் இல்லை. டாக்டர் தேவை என்று நினைத்தால், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை சில நூறு ரூபாயில் முடியும். அதைவிட, 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அதை அவர் இதுவரை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள்.