550-க்குப் பூஜ்யம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய கல்லூரி விளையாட்டுகள் பற்றிய கட்டுரையில், 1901-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணி ஆடிய 11 ஆட்டங்களிலும் வென்றது, 550 புள்ளி எடுத்து ஒரு புள்ளிகூட விடவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் கல்லூரியில் கபடி ஆடியவள். என்னால் நம்ப முடியவில்லை. எதிரே நின்றவர்கள் அவ்வளவு மோசமா? கடைசி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி எதிரணியே கேட்டதாகவும் படித்தேன். இப்படியொரு வெற்றியைக் கொண்டாடலாமா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

கணக்கு சரிதான். ஆல்பியன் 50, கேஸ் 57, இந்தியானா 33, நார்த்வெஸ்டர்ன் 29, பஃபலோ 128, கார்லைல் 22, ஒஹையோ ஸ்டேட் 21, சிகாகோ 22, பெலாய்ட் 89, அயோவா 50, கடைசியாக ஸ்டான்ஃபோர்ட் 49. எதிர்ப்பக்கம் எல்லாமே பூஜ்யம்.

இது நம்மூர்க் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அன்றைய விதிகளைப் பார்த்தால் பூஜ்யத்தில் பாதி புரிந்துவிடும். மைதானம் 110 கெஜம். மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். பந்தை முன்னோக்கி எறிய 1906 வரை அனுமதியே இல்லை. அதனால் ஆட்டம் முழுக்க உடம்போடு உடம்பு மோதித் தள்ளுவதுதான். கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலியை ஒவ்வொரு முறையும் உடைத்துக்கொண்டு போவதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி 110 கெஜத்தைக் கடப்பது எந்த அணிக்கும் மலைதான். ஒரு பக்கம் பூஜ்யத்தில் முடிவது அன்று சாதாரணம். ஆனால் 11 ஆட்டமும் அப்படி முடிவது சாதாரணமே அல்ல.

மீதிப் பாதி, ஃபீல்டிங் யோஸ்ட். அந்த ஆண்டுதான் பயிற்சியாளராக மிச்சிகனுக்கு வந்தார், வயது 30. ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்டிக்கொண்டே இருப்பார் என்பதால் அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. விழுந்த வீரன் எழுவதற்குள் அடுத்த முயற்சிக்கான சைகை வந்துவிடும். எதிரணி மூச்சு வாங்கி வரிசையில் நிற்கும்முன் வில்லி ஹெஸ்டனோ நீல் ஸ்னோவோ பந்தோடு கிளம்பியிருப்பார்கள். பந்து எப்போதும் மிச்சிகன் கையில், எதிரணியோ களைப்பில். அப்புறம் அவர்கள் எங்கே புள்ளி எடுப்பது?

எதிரணிகள் மோசமா என்று கேட்டீர்கள். சில அணிகள் மிச்சிகன் முன்னால் நிற்கவே தகுதியில்லாதவை. பஃபலோவுக்கு எதிரான 128 எனக்குப் பெருமையாகத் தெரியவில்லை. எல்லோரும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள், எனக்கு அதில் வருத்தமே. நான் மதிப்பது சிகாகோ, கார்லைலுக்கு எதிரான 22-ஐயும் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான 21-ஐயும்தான். சிகாகோ அணியின் பயிற்சியாளர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக், அந்தக் காலத்தின் பெரிய மூளைகளில் ஒருவர். கார்லைலுக்கு பாப் வார்னர். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசவிடாமல் வளர்த்த பள்ளி அது. அந்தப் பையன்கள் பெரிய பல்கலைக்கழகங்களை எதிர்த்து நின்ற விதம் தனியாக எழுத வேண்டிய கதை.

உண்மையான சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே ஆண்டு, அதே மேற்கத்திய லீகில் விஸ்கான்சின் அணியும் தோற்கவில்லை. இரண்டும் மோதவே இல்லை, பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. கிழக்கே ஹார்வர்டும் அந்த ஆண்டு எல்லா ஆட்டத்தையும் வென்றது. அதனால் 550-ஐ மட்டும் காட்டி மிச்சிகன்தான் நாட்டிலேயே சிறந்த அணி என்று நிரூபிக்க முடியாது. எனக்குத் தீர்ப்பு கிடைப்பது 1902-ல். சிகாகோவில் விஸ்கான்சினைச் சந்தித்து மிச்சிகன் 6-0 என்று வென்றது. 128-ஐவிட இந்த ஆறு பெரியது.

இனி நீங்கள் கேட்ட 1901 பருவத்தின் கடைசி ஆட்டம், 1902 ஜனவரி 1, கலிஃபோர்னியாவின் பாசடீனா. ரோஜாத் திருவிழாவில் நடந்த முதல் கால்பந்து ஆட்டம். எதிரே ஸ்டான்ஃபோர்ட், அதாவது 1900-ல் யோஸ்ட் பயிற்சி கொடுத்த அதே அணி. பழைய மாணவர்களையே பயிற்சியாளராக வைப்போம் என்று அங்கே முடிவெடுத்ததால்தான் அவர் வெளியேற நேர்ந்தது. மிச்சிகன் மாற்று வீரர் ஒருவரைக்கூட இறக்கவில்லை, அதே 11 பேர்தான் கடைசிவரை. ஸ்னோ மட்டும் ஐந்து முறை பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்தார். இன்னும் எட்டு நிமிடம் இருக்கும்போது, காயம்பட்ட தன் ஆட்களைப் பார்த்த ஸ்டான்ஃபோர்ட் அணித் தலைவர் போதும் என்று கேட்டுக்கொண்டார். நீங்கள் படித்தது உண்மை. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஏனென்றால் அன்று இந்த ஆட்டம் ஆளைக் கொன்றது. மிச்சிகனைச் சந்திப்பதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒஹையோ ஸ்டேட் தன் நடுவரிசை வீரரை இழந்திருந்தது. வேறொரு ஆட்டத்தில் கழுத்தில் பட்ட அடி. கால்பந்தையே விட்டுவிடலாமா என்று அங்கே பேச்சு எழுந்தது. அந்த மனநிலையில் வந்த பையன்கள்தான் மிச்சிகனை 21-க்குள் நிறுத்தினார்கள். 1905-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் மாறின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1890-லேயே ஜார்ஜ் ஜூவெட் என்ற கறுப்பின மாணவர் மிச்சிகனுக்கு ஆடியிருக்கிறார். யோஸ்ட் பயிற்சியாளராக இருந்த காலம் முழுக்க கால்பந்தில் அணிச் சின்னம் (அணிக்காக ஆடியவர்களுக்குத் தரும் அங்கீகாரம்) பெற்ற கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. அங்குள்ள பனி ஹாக்கி அரங்கிலிருந்து யோஸ்ட்டின் பெயரை நீக்கலாம் என்று 2021-ல் பல்கலைக்கழகத்தின் ஆலோசனைக் குழுவே பரிந்துரைத்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கொண்டாடலாமா? அந்த 11 பேரின் உழைப்பை, வேகத்தை, எதிரணிக்கு எல்லைக்கோட்டைக் காட்டாத பிடிவாதத்தை மனதாரக் கொண்டாடுவேன். யோஸ்ட்டைக் கொண்டாட மனம் வரவில்லை.

பாசடீனாக்காரர்கள் அந்த ஒருதலைப்பட்ச ஆட்டத்துக்குப் பிறகு கால்பந்தைக் கைவிட்டு, சில ஆண்டுகள் ரோமானியத் தேர்ப் பந்தயம் நடத்தினார்கள். கால்பந்து திரும்பியது 1916-ல்தான். அன்று வாஷிங்டன் ஸ்டேட் 14-0 என்று பிரவுனை வென்றது.